கட்டெறும்பு ராணியும் கண்ணேறும்: ஓர் ஆய்வு

எறும்பு வீட்டுக்குள் வராமல் தடுப்பதில் தமிழருக்குள்ள புலமை சொல்லி மாளாது. மீட்சேஃபின் நான்கு கால்களுக்கும் கிண்ணத்தில் தண்ணீர், சர்க்கரை டப்பாவில் கிராம்பு, சாமான் அறையின் மூலையில் மஞ்சள்தூள், அடுப்படி மேடையோரம் சாக்பீஸ் கோடு என்று இத்துறை நன்கு வளர்ந்திருக்கிறது. வாசலில் அரிசிமாக் கோலம் போட்டு அதே எறும்பை விருந்துக்கு அழைப்பதும் நாமே; அந்த முரணை ஆராய்வது சமூகவியலார் பாடு. ஆனால் எறும்பை வீட்டுக்குள் கொண்டுவந்து, வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்ற வினாவை நம் அறிஞர்கள் தொடவேயில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வெல்லை கட்டெறும்பு. காம்போனோட்டஸ் கம்ப்ரெஸ்ஸஸ் என்பது அதன் அறிவியல் பெயர். சிற்றெறும்பு விலக்கப்பட்டது, வளர்க்கும் குழாயின் வாயில் அடைத்த பஞ்சையே அது நடைபாதையாக்கிக்கொள்ளும். முசுறு விலக்கப்பட்டதற்கான காரணத்தை மாமரம் ஏறிய எவரும் கேட்கமாட்டார்கள்.

முன்னாய்வுகளில் முதலில் வைக்கத்தக்கவர் தாமஸ் ஜெர்டன். கிழக்கிந்தியக் கம்பெனியின் படை மருத்துவரான இவர், தென்னிந்திய எறும்புகளின் பட்டியல் ஒன்றை 1851-இல் சென்னையிலிருந்து வெளிவந்த இதழில் அச்சேற்றினார். அடுத்தவர் ஜான் லப்பக். லண்டனில் வங்கியாளர், நாடாளுமன்ற உறுப்பினர். 1871-இல் பிரிட்டனுக்கு வங்கி விடுமுறைச் சட்டம் கொண்டுவந்தவர் இவரே. நாட்டுக்கு விடுமுறை வாங்கித் தந்துவிட்டு, கண்ணாடித் தகடுகளுக்கிடையே எறும்பு வளர்த்து, விடுமுறையே அறியாத அந்தக் கூட்டத்தை ஆண்டுக்கணக்கில் கவனித்தார். எறும்புகளுக்குச் சாராயம் ஏற்றியும் பார்த்திருக்கிறார். தெளிவாக இருந்த எறும்புகள், போதையில் விழுந்துகிடந்த சொந்தக் கூட்டாளிகளைப் பெரும்பாலும் வீட்டுக்குத் தூக்கிச்சென்றன. அயல் கூட்டத்தாரைத் தண்ணீரில் தள்ளின. இம்முடிவை நம்மூர் வீதிகளோடு ஒப்பிடும் ஆசையை இவ்வாய்வாளர் அடக்கிக்கொள்கிறார்.

இனி, பிடித்தல். நல்ல மழை ஓய்ந்த புழுக்கமான மாலையில் கூடுகளிலிருந்து இறகு முளைத்த இளவரசிகளும் ஆண்களும் கிளம்புகிறார்கள். அன்று தெருவிளக்கைச் சுற்றும் எல்லாமே எறும்பல்ல, பெரும்பகுதி ஈசல். ஈசலின் நான்கு இறகுகளும் ஒரே நீளம், இடுப்பு என்று ஒன்று கிடையாது. எறும்புக்கு முன்னிறகு நீளம், பின்னிறகு குட்டை, இடுப்பு ஒடிந்துவிடுமோ என்று அஞ்சத்தக்கது, உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கியது. ஈசலைப் பிடித்து அடைத்து எறும்புக்குக் காத்திருப்போர் உண்டு. ஈசலை வறுத்துத் தின்பது சுவையான வேறொரு துறை.

வானத்தில் கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைகள் ஓரிரு நாளில் இறந்துவிடுகிறார்கள். மணப்பெண் தரையிறங்கி, இறகுகளைத் தானே உதிர்த்துவிட்டு, குடிபோக இடம் தேடி நடக்கிறாள். இறகு இருந்த இடத்தில் வடுவும் பருத்த நடுவுடலுமாகத் தனியே அவசரமாக நடந்துபோகும் பெரிய எறும்புதான் நமக்கு வேண்டியது. அன்று பெற்ற விந்தை வயிற்றிலுள்ள பையில் சேமித்து, ஆயுள் முழுதும் அதையே செலவிடுவாள். லப்பக்கின் ராணி ஒன்று ஏறத்தாழ 15 ஆண்டுகள் வாழ்ந்தது. ஐரோப்பாவில் வளர்க்கப்பட்ட வேறொரு கறுப்பெறும்பு ராணி 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்ததாகப் பதிவு. வீட்டுக்கடனே 20 ஆண்டில் தீர்ந்துவிடும் என்பதை வளர்க்கத் துணிவோர் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இறகு உதிர்த்ததெல்லாம் மணமானது என்று கொள்வதும் பிழை. மணமாகாத ராணியும் முட்டையிடும். கருவுறாத அம்முட்டைகளிலிருந்து வருவது ஆண்கள் மட்டுமே. எறும்புலகில் ஆண்கள் கூடு கட்டுவதில்லை, இரை தேடுவதில்லை, பிள்ளை பார்ப்பதில்லை. ஆகவே அந்த அரசில் எல்லோரும் சாப்பிட இருப்பார்கள், வேலைக்கு ஒருவரும் இருக்கமாட்டார்கள். இதற்கு விளக்கவுரை எழுத வீட்டுப் பெண்களே தகுதியானவர்கள்.

குடியேற்றும் முறை எளிது. ஒரு கண்ணாடிச் சோதனைக் குழாயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதை மறித்து இறுகிய பஞ்சு, பிறகு ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. அவ்வளவே அரண்மனை. இருட்டில் வைக்கவேண்டும். பீரோவில் பட்டுப்புடவைகளுக்குப் பின்னால் நல்ல இருட்டு உண்டு. அந்துருண்டையும் உண்டு, அது ராணியை முடித்துவிடும். கொசுவிரட்டி எரியும் அறையும் ஆகாது. இவ்விரண்டும் இல்லாத இடம் தமிழ் வீட்டில் எங்கே என்பது தனி ஆய்வுக்குரியது.

இப்போது கருதுகோளுக்கு வருவோம். சிறைப்பட்ட கட்டெறும்பு ராணி பெரும்பாலும் பட்டினியால் சாவதில்லை, பார்க்கப்பட்டுச் சாகிறது.

பட்டினி ஏன் காரணமல்ல? முதல் வேலைக்காரிகள் வெளிவரும்வரை அவளுக்கு உணவே வேண்டாம். இனிப் பறக்கப்போவதில்லை என்பதால் இறகுகளை இயக்கிய தசைகளை உடம்பே கரைத்துக்கொள்கிறது. அந்தச் சத்திலும் சேர்த்துவைத்த கொழுப்பிலும் அவளும் வாழ்ந்து, பிள்ளைகளையும் வளர்த்துவிடுகிறாள். முட்டை, புழு, பிறகு பட்டுநூல் உறைக்குள் கூட்டுப்புழு. நாம் எறும்பு முட்டை என்று காட்டும் வெள்ளைப் பொதி பல நேரம் இந்த உறைதான். முட்டை வேலைக்காரியாக நம்மூர் வெயிலில் ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். முதலில் வரும் வேலைக்காரிகள் வழக்கத்தைவிடச் சிறியவர்கள். தாய் தன் தோள்தசையைக் கரைத்து ஊட்டியதில் அவ்வளவுதான் முடிந்தது. அவர்கள் வந்தபின் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரும் அடித்த கொசு ஒன்றும் போதும்.

அதுவரை நாம் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வளர்ப்பவர் பல் துலக்கும் முன் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை எடுத்துப் பார்க்கிறார். பிள்ளை குழாயைத் தட்டி எழுப்புகிறது. “பாவம், பச்சை உடம்புக்காரி, பட்டினி போடறீங்களேடா” என்று பாட்டி பஞ்சை நீக்கி ஒரு கல் சர்க்கரை போடுகிறாள். அதில் பூஞ்சை பிடிக்கிறது. ஊரிலிருந்து வந்த மாமா குழாயை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப்பிடித்து, “இது கடிக்குமா?” என்று கேட்டு, தலைகீழாகத் திருப்பியும் பார்க்கிறார். அதிர்வும் வெளிச்சமும் மிஞ்சினால் ராணி தன் முட்டைகளைத் தானே தின்றுவிடுவதுண்டு. ஆகக் கண்ணேறு என்பது மூடநம்பிக்கை என்ற கூற்று எறும்பளவில் மறுபரிசீலனைக்குரியது. பூசணிக்காய் சுற்ற வேண்டியதில்லை. குழாய்மேல் சிவப்புக் காகிதம் சுற்றலாம். சிவப்பு ஒளி எறும்புக்குச் சரியாகத் தெரியாது. பாட்டிக்குத் தெரியும் என்பதே இம்முறையின் குறை.

எல்லாக் கூட்டத்துக்கும் இப்படி ஒரு ராணி உண்டென்று கருதவேண்டாம். ஜெர்டன் தம் பட்டியலில் பெயரிட்ட தாவும் எறும்பில் ராணி இறந்தால் வேலைக்காரிகளே கொம்பால் அடித்துக்கொண்டு பதவிக்குப் போட்டியிடுகிறார்கள். வென்று முட்டையிடத் தொடங்கியவளின் மூளை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடுகிறது. பதவியிலிருந்து இறக்கினால் மூளை திரும்ப வளர்கிறது. இது ஆய்வகத்தில் அளந்து கண்ட உண்மை. எறும்புக்கு மட்டும் பொருந்துவதாகவே இவ்வாய்வாளர் எழுத்துமூலம் உறுதியளிக்கிறார்.

விளையாட்டாகச் சொல்ல முடியாத செய்தியும் உண்டு. கென்யாவில் 2025-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த இரு இளைஞர்கள் ஏறத்தாழ 5,000 எறும்புகளுடன் பிடிபட்டனர். பெரும்பாலும் ராணிகள், பஞ்சடைத்த சோதனைக் குழாய்களில் இருந்தன. நீதிமன்றம் ஆளுக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் விதித்தது. ஒரு ராணியை எடுப்பது ஒரு கூட்டத்தையே எடுப்பது. எனவே ஒன்றோடு நிறுத்துங்கள், விலைக்கு விற்காதீர்கள், வளர்க்க முடியாமல் போனால் பிடித்த இடத்திலேயே விடுங்கள்.

வீட்டிலுள்ள பெரியோருக்கும் விருந்தினருக்கும் ஒரு விண்ணப்பம்: அலமாரியில் சிவப்புக் காகிதம் சுற்றிய குழாயைக் கண்டால் பிரிக்காதீர்கள், கழுவி மிளகு போட்டு வைக்காதீர்கள். பார்த்தே தீரவேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை வரை பொறுங்கள். வாரத்துக்கு ஒருமுறை போதும்.