உழவர் திருநாள், உழவர் நீங்கலாக

மார்கழி பாதியைத் தாண்டியதும் காலைப் பத்திரிகைக்கு எடை கூடிவிடுகிறது. செய்தி கூடியதால் அல்ல. முதல் பக்கத்தைத் திருப்பினால் இன்னொரு முதல் பக்கம். அதையும் திருப்பினால் மேலும் ஒன்று. மூன்றிலும் பட்டுப்புடவை கட்டிய யாரோ ஒருவர் கரும்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். நகைக்கடை உழவர்களை வாழ்த்துகிறது. ஜவுளிக்கடை வாழ்த்துகிறது. உழவன் அடகு வைத்த தோட்டை ஏலத்தில் விட்ட நகைக்கடன் கம்பெனியும் மனமார வாழ்த்துகிறது. இவ்வளவு வாழ்த்தையும் தாண்டி உள்ளே போனால், ஏழாம் பக்கத்து மூலையில் உழவரே இருக்கிறார். கரும்பை ரோட்டில் போட்டு மறியல் செய்துகொண்டிருக்கிறார்.

2023 பொங்கலுக்கு அரசு முதலில் அறிவித்த பரிசுத் தொகுப்பில் பச்சரிசி ஒரு கிலோ இருந்தது. சர்க்கரை ஒரு கிலோ இருந்தது. ஆயிரம் ரூபாய் இருந்தது. கரும்பு மட்டும் இல்லை. அறுவடைத் திருநாள் பரிசில் அறுவடையைக் காணோம்! அரசு வாங்கும் என்று நம்பிப் பத்து மாதம் பன்னீர்க் கரும்பு வளர்த்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். இந்தக் கரும்பை எந்த ஆலையும் அரைக்காது. பொங்கலுக்குள் விற்றால் காசு. மாட்டுப் பொங்கல் தாண்டினால் மாட்டுக்கு. கத்தி, கெஞ்சி, எதிர்க்கட்சிகள் அறிக்கை விட்டு, டிசம்பர் கடைசியில்தான் அரசு மனமிறங்கி ஒரு முழுக் கரும்பைச் சேர்த்தது.

நிபந்தனை உண்டு. ஆறடிக்குக் குறையக் கூடாது. வெட்டுக்கூலி, கட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, லாரி வாடகை எல்லாம் சேர்த்து ஒரு கரும்புக்கு 33 ரூபாய். அது ரேஷன் கடை வாசலில் விலை. வயலில் தங்கள் கைக்கு வந்தது அதில் பாதிதான் என்று பல ஊர் விவசாயிகள் புலம்பினார்கள். கரும்புக்குத்தான் கணு உண்டு என்று நாம் நினைத்திருந்தோம். கொள்முதலுக்கும் உண்டு. கணுவுக்கு ஒரு கை. அந்த ஆறடி நிபந்தனையை அதிகாரிகளின் நேர்மைக்கும் வைத்திருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்கள்?

பரிசுத் தொகுப்பே ஓர் அரசியல் பஞ்சாங்கம். தேர்தல் எப்போது என்று ஜோசியரிடம் கேட்க வேண்டாம், பையைத் திறந்து பார்த்தால் போதும். 2021 தேர்தல் ஆண்டு, பையில் 2,500 ரூபாய். டோக்கனில் கட்சித் தலைவர்களின் படம் இருக்கிறது என்று வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. ஆட்சி மாறியது. 2022இல் தேர்தல் முடிந்திருந்தது. பணமும் முடிந்திருந்தது. பதிலுக்கு 21 பொருட்கள் தந்தார்கள். அதில் வெல்லம், பானைக்குப் போகும் வரைகூடப் பொறுக்காமல் பைக்குள்ளேயே உருகி ஓடியது. ஒப்பந்ததாரர் மீது நடவடிக்கை என்று அறிவிப்பு வந்தது. வெல்லத்தைவிட வேகமாக உருகியது அந்த அறிவிப்பு.

அந்த 2,500 ரூபாய்ப் பொங்கலில் இன்னொன்றும் நடந்தது. 2021 ஜனவரியில் பருவம் தப்பிய மழை டெல்டாவில் கொட்டியது. அறுக்க வேண்டிய சம்பா, தண்ணீரில் படுத்துக் கிடந்தது. வரப்பில் நின்றவர் அழுதார். ரேஷன் கடையில் நின்றவர் செல்ஃபி எடுத்தார். சில ஊர்களில் இருவரும் ஒரே ஆள்.

இனி பயணம். ரயில் முன்பதிவு அறுபது நாளுக்கு முன்னால் காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. சில நிமிடத்தில் காத்திருப்போர் பட்டியல். இன்னும் சில நிமிடத்தில் அதுவும் இல்லை, ‘ரிக்ரெட்’ என்று ரயில்வேயே வருத்தம் தெரிவித்துவிடுகிறது. அப்புறம் ஆம்னி பஸ். ஆண்டுதோறும் அமைச்சர் கடுமையாக எச்சரிக்கிறார். ஆண்டுதோறும் உரிமையாளர் சங்கம் அப்படியெல்லாம் இல்லை என்கிறது. கட்டணம் இருவர் பேச்சையும் கேட்பதில்லை. அந்தப் பஸ்ஸில் போவது யார்? வயல் சோறு போடாது என்று ஊரைவிட்டு வந்த உழவனின் பிள்ளைதான். நாற்பது கிலோ நெல் மூட்டைக்கு அரசு கொடுக்கும் விலை ஆயிரம் ரூபாய்க்குப் பக்கம். அப்பாவைப் பார்க்கப் போகிற மகன், அப்பாவின் இரண்டு மூன்று மூட்டை நெல்லை ஒரே இரவில் உட்கார்ந்தே கரைக்கிறான். சாய்ந்து படுத்தால் இன்னும் ஒரு மூட்டை.

ஊருக்குப் போக முடியாதவர்களுக்கு அலுவலகப் பொங்கல் இருக்கிறது. கண்ணாடிக் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில் வாடகைக்கு ஒரு குடிசை. வாடகைக்கு ஒரு மாட்டு வண்டி. மாடும் வாடகைதான், மணிக் கணக்கு. தீயணைப்பு விதிப்படி அடுப்பில் நெருப்பு கூடாது. எனவே கேட்டரிங்கில் வந்த பொங்கலைப் பானைக்கு மாற்றி, விளிம்பில் கொஞ்சம் வழியவிட்டு, ஒலிபெருக்கியில் குலவை போடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மேலதிகாரிக்குத் தலைப்பாகை. சிறந்த கிராமியப் பெண்ணுக்குப் பரிசுக் கூப்பன், ஆன்லைனில் மட்டும் செல்லும். பறையடிக்க வந்த கலைஞர்களுக்குப் பின்வாசலில் பார்சல். பேனரில் ‘சமத்துவப் பொங்கல்’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறது.

தொலைக்காட்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சூரியனுக்கு நன்றி சொல்ல வேண்டிய நாளில் நம்மை வெயில் படாமல் உள்ளே உட்கார வைப்பதே அதன் சாதனை. குளிரூட்டிய அரங்கில் ஒரு நடிகர் மண்வாசனை பற்றி உருகுகிறார். அடுத்த வாரம் அவர் படம் வெளியாகிறது.

ஆனால் ஜல்லிக்கட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அங்கே நாம் ஒரு தடவை நிஜமாகவே கோபப்பட்டோம். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் பிள்ளைகள் திரண்டார்கள். தலைவர் இல்லை, மேடை இல்லை. குப்பையைக்கூட அவர்களே பொறுக்கினார்கள். காளையோடு சேர்த்து மண்ணையும் தண்ணீரையும் பேசினார்கள். கோக், பெப்சி வேண்டாம் என்றார்கள். வணிகர் சங்கங்களும் மார்ச் 1 முதல் அவற்றை விற்க மாட்டோம் என்று வீரமாக அறிவித்தன. சட்டம் வந்தது. காளை வென்றது. இன்று அலங்காநல்லூர் போகிற வழியில் ஏதாவது ஒரு பெட்டிக்கடையில் குளிர்பெட்டியைத் திறந்து பாருங்கள். புரட்சி ஜில்லென்று இருக்கும்.

வாடிவாசலில் இப்போது காளையைவிட மைக்குக்குத்தான் திமில் பெரிது. பிடித்தவருக்குத் தங்கக் காசு. பிடிபடாவிட்டால் மாட்டுக்காரருக்குத் தங்கக் காசு. அண்டா, பீரோ, கட்டில், சைக்கிள், கடைசியில் கார். கொடுப்பவர் பெயர், அவர் வகிக்கும் பதவி, அவர் தலைவர் பெயர், தலைவருடைய பட்டங்கள், இத்தனையும் முடிந்த பிறகுதான் மாட்டை அவிழ்க்கிறார்கள். காளை களத்தில் நிற்பது சில விநாடி. அறிமுகம் அதைவிடப் பல மடங்கு நீளம். அலங்காநல்லூர் பக்கத்துக் கீழக்கரையில் 2024இல் கோடிக்கணக்கில் செலவழித்து அரங்கமே கட்டித் திறந்தாயிற்று. காளைக்கு அரங்கம் கிடைத்துவிட்டது. மேய்ச்சல் புறம்போக்கு எங்கே என்று அதுவும் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை. கேட்டால் பல ஊரில் வீட்டுமனை விலைப்பட்டியலைக் கையில் கொடுப்பார்கள்.

கடைசியாக அரசின் சொந்தக் கடை. 2023–24இல் மதுவால் அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். பண்டிகை என்றால் அந்தக் கடையில்தான் முதலில் பொங்கும். பரிசுத் தொகை ரேஷன் கடையில் கிடைக்கிறது. அதில் எவ்வளவு, எத்தனை மணி நேரத்தில் அடுத்த தெரு டாஸ்மாக் வழியாகக் கருவூலத்துக்கே திரும்புகிறது என்று எந்தப் பொருளாதார மேதையும் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்குச் சட்டை எடுக்க வைத்திருந்த நோட்டைத் தேடும் பெண்களுக்கு அந்தக் கணக்கு மனப்பாடம்.

ஆனாலும் அரசுக்குப் பண்பாடு உண்டு. தை இரண்டாம் நாள் திருவள்ளுவர் தினம், கடைக்கு விடுமுறை. கள்ளுண்ணாமை என்று பத்துக் குறள் எழுதிய மனிதருக்கு ஒரு நாள் மரியாதை. அந்த மரியாதைக்குப் பங்கம் வராமல் முதல் நாளே வரிசையில் நின்று இரண்டு நாளைக்கும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்கிறான் தமிழன்.

அதே வள்ளுவர் உழவு என்றும் ஓர் அதிகாரம் எழுதியிருக்கிறார். அதற்கு மரியாதையாக எதை மூடலாம் என்று யோசித்திருப்பார்கள் போல. அறுத்த நெல்லை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். பூட்டியிருந்தால் பதற வேண்டாம். ஊழியர்களுக்குப் பொங்கல் விடுமுறை. திறந்ததும் வாருங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று தனியாகவும் எடுத்து வையுங்கள்.