முதுகில் ஏறிய மேனேஜர்

சென்ற முகூர்த்தத்தில், தூரத்து பந்து ஒருவர் வீட்டுக் கலியாணத்தில், முண்டியடித்து இரண்டாம் பந்தியில் ஓர் இடம் பிடித்து, சாம்பாரையும் ரசத்தையும் உரிய மரியாதையுடன் அனுப்பிவைத்துவிட்டு, பாயச வாளி வருகிற திசையையே நோக்கி நான் தவமிருந்த வேளையில், பக்கத்து இலைக்காரர் தம்முடைய செல்போனை என் மூக்குக்கும் இலைக்கும் நடுவே நீட்டி, "சார், இதைக் கொஞ்சம் பாருங்க" என்றார். பார்த்தேன். எந்த தேசத்திலோ, மேகத்தைத் தொடுகிற கட்டடம் ஒன்றின் உச்சியில் நின்ற கிரேனின் நுனியில், ஒரு வாலிபன் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டு, மறு கையால் நமக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தான். விழுவானா மாட்டானா என்று நான் ஸ்தம்பித்துப் போயிருந்த அந்தச் சில விநாடிகளுக்குள், பரிசாரகர், இலைமேல் கவனமில்லாத மனிதருக்குப் பாயசம் எதற்கு என்று தமக்குள் தீர்மானம் செய்துகொண்டு, என்னைத் தாண்டிப் போய்விட்டார். பால் பாயசம், குங்குமப்பூ போட்டது. திரும்பக் கூப்பிடுவதற்குள் மோர் வந்துவிட்டது.

வாலிபன் விழவில்லை. விழவேண்டுமென்று விரும்புகிற கல்நெஞ்சன் அல்லன் நான். அவன் நெடுங்காலம் வாழட்டும். ஆனால் ஒருவன் விழாமல் இருப்பதைப் பார்ப்பதற்காக இன்னொருவன் பாயசத்தை இழக்கவேண்டும் என்று எந்த தர்ம சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது? நானுந்தான், மழைக்காலத்தில் எங்கள் தெரு நடைபாதையில், பெயர்ந்த கல்லுக்கும் திறந்த சாக்கடைக்கும் நடுவே, காய்கறிப் பையும் குடையுமாக, அன்றாடம் விழாமல் நடந்துகொண்டிருக்கிறேன். எவனாவது வந்து படம் பிடித்தானா?

இரவுச் சாப்பாடு முடிந்து, சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, இமயச் சிகரத்தில் யாரோ ஒருவர் பிராணவாயு போதாமல் திணறுவதைப் பார்த்து, "இவர்களுக்கெல்லாம் வேறு வேலை இல்லை" என்று சலித்துக்கொண்டே அடுத்த காட்சியை விரலால் தள்ளுகிற நமக்குள், இந்த வழக்கத்தைப் பற்றி யார் யாருக்கு விளக்குவது? பிராணாபாயமான காரியங்களில் மனிதன் ஏன் வலியப் போய் இறங்குகிறான் என்பதற்கு மட்டும் என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. அது பலநாள் யோசித்துக் கண்டது. எடுத்த எடுப்பில் சொல்லிவிடத் தக்கதன்று. தகுந்த இடத்தில் சொல்லுகிறேன். அதற்குமுன் நயாகராவுக்குப் போய்வர வேண்டும்.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் எல்லையில் விழுகிற அந்த நீர்வீழ்ச்சிக்கு, மற்ற தேசத்தார் அருவிக்குப் போவது போலக் குளிக்கவோ வேடிக்கை பார்க்கவோ போகாமல், உயிரைப் பணயம் வைப்பதற்கென்றே ஒரு கூட்டம் நூற்றைம்பது வருஷங்களுக்கு மேலாகப் போய்க்கொண்டிருக்கிறது. இவர்களில் கயிற்றில் நடந்தவர்களுக்கெல்லாம் மூலபுருஷர், பிளான்டின் என்று பெயர் வைத்துக்கொண்ட பிரெஞ்சுக்காரர் ஒருவர். 1859-ஆம் வருஷம் ஜூன் மாதம் 30-ஆம் தேதி, பள்ளத்தாக்கின் இக்கரைக்கும் அக்கரைக்குமாக ஏறக்குறைய 1100 அடி நீளத்துக்கு ஒரு வடத்தைக் கட்டி, கையில் ஒரு நீண்ட கழியைப் பிடித்துக்கொண்டு, பல்லாயிரம் ஜனங்கள் பார்த்திருக்க அவர் கடந்து போனார். அருவியின்மேலேயே நடந்தார் என்று சொல்லுகிறவர்கள் பிழையாகச் சொல்லுகிறார்கள். அருவிக்குச் சற்றுத் தள்ளி, நதி பாறையைக் குடைந்துகொண்டு ஓடுகிற இடத்தில்தான் நடந்தார். சுமார் 160 அடிக்குக் கீழே சுழித்தோடும் தண்ணீரில் விழுகிறவனுக்கு இந்தத் திருத்தத்தினால் ஆறுதல் ஒன்றும் கிடைக்கப்போவதில்லை என்பது வேறு விஷயம். ஒரு தரம் நடந்ததோடு அவர் திருப்தியடையவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தார். கைவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். ஒரு தடவை அடுப்பைச் சுமந்துகொண்டு போய், நட்டநடுக் கயிற்றில் நிதானமாக உட்கார்ந்து ஆம்லெட் போட்டு, கீழே நீராவிப் படகில் இருந்தவர்களுக்கு அதை இறக்கிக் கொடுத்தார். பந்தியில் உட்கார்ந்திருக்கிற மனிதனுக்கு ஒரு கரண்டி பாயசம் வந்து சேராத இதே பூலோகத்தில்தான் இதுவும் நடந்திருக்கிறது.

ஆயினும் எனக்குப் பிளான்டினிடம் அவ்வளவு சிரத்தை இல்லை. பிள்ளைப் பிராயத்திலிருந்தே கயிற்றில் நடந்தவர். கயிறு அவருக்கு உத்தியோகம். என் மனம் போய்ப் பதிவது, அதே வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அவர் முதுகில் ஏறிக்கொண்டு அந்தப் பள்ளத்தைக் கடந்த ஹாரி கோல்கார்டு என்ற மனிதரிடம். கோல்கார்டு கழைக்கூத்தாடி அல்லர். அவர் பிளான்டினுடைய மேனேஜர்.

நான் உத்தியோகம் பார்த்த காலத்தில், கீழே வேலை செய்பவனின் முதுகில் ஏறாத மேனேஜர் ஒருவரையும் கண்டதில்லை. அது அந்தப் பதவியின் லட்சணம். அதைப்பற்றி எனக்கு இப்போது புகாரும் இல்லை. ஆனால், நான் விழுந்தால் தாமும் கூடவே விழவேண்டியிருக்கும் உயரத்தில் என் முதுகில் ஏறியவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை. நான் வழுக்குகிற அடையாளம் தெரிந்த மாத்திரத்திலேயே, சாவதானமாக இறங்கிக் கரையில் நின்றுகொண்டு, "நான் அப்போதே சொன்னேன்" என்று மேலிடத்துக்குக் கடிதம் எழுதுகிற சாமர்த்தியம் அவர்கள் எல்லாரிடமும் இருந்தது. உலக சரித்திரத்தில், தம்முடைய ஊழியன் தவறினால் தாமும் தவறவேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு நேரடியாகச் சம்மதித்த மேனேஜர் கோல்கார்டு ஒருவரே என்பது என் அபிப்பிராயம்.

அவருக்குப் பிளான்டின் இட்ட நிபந்தனை என்னவென்றால், கயிறு எப்படி ஆடினாலும் சமநிலைக்காக நீ ஒரு முயற்சியும் செய்யக்கூடாது, நான் சாய்ந்தால் சாயவேண்டும், நிமிர்ந்தால் நிமிரவேண்டும், நீ ஒரு தனி மனிதன் என்பதையே மறந்துவிட வேண்டும் என்பதாம். எண்ணிப் பாருங்கள்: ஒரு மேனேஜரைப் பார்த்து, ஒன்றும் செய்யாமல், யோசனை ஒன்றும் சொல்லாமல், "கொஞ்சம் இடது பக்கம் போனால் சௌகரியமாக இருக்குமே" என்று வாயைத் திறக்காமல், முழுசாகக் கரை சேரும்வரை சும்மா இரு என்று சொல்லுவது! பிளான்டின் செய்தது எவனும் பழகினால் செய்யக்கூடிய காரியம். கோல்கார்டு செய்ததை எந்த மேனேஜராலும் செய்ய முடியாது.

இன்னொரு விஷயம். முதுகில் ஏறினால் ஏறினபடியே அக்கரை போய்ச் சேர்ந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். சுமக்கிறவருக்குக் களைப்பு வருமல்லவா? வந்தபோதெல்லாம் கோல்கார்டு இறங்கினார். எங்கே இறங்கினார்? திண்ணையா இருக்கிறது? அந்தக் கயிற்றின் மேலேயேதான் இறங்கி, பிளான்டினைப் பிடித்துக்கொண்டு, கூத்துக் கற்காத தம் கால்களால் நின்றார். பிறகு மறுபடியும் ஏறினார். முதல் தடவை ஏறியதையாவது அறியாமை என்று மன்னிக்கலாம். நடுவழியில், கீழே பார்த்துவிட்ட பிறகு, மறுபடி ஏறுகிறபோது அந்த மனிதர் மனத்தில் என்ன இருந்திருக்கும்? வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்திருப்பார்? "ஆபீஸ் விஷயமாக அக்கரை வரைக்கும் போய்வருகிறேன்" என்றிருப்பாரா? பொடி போடுகிற பழக்கமிருந்து, நடுக் கயிற்றில் தும்மல் வந்திருந்தால்? முதலாளியும் தொழிலாளியும் இவ்வளவு நெருக்கமாக இருக்கிற சமயம் இனி வாய்க்காது என்று பிளான்டின் அந்த இடத்தில் நின்று சம்பள உயர்வைப் பற்றிப் பேச்செடுத்திருந்தால், கோல்கார்டு மறுத்திருக்கக் கூடுமா? நானாயிருந்தால் அங்கேதான் பேச்செடுத்திருப்பேன்.

எல்லாவற்றிலும் என்னைத் தூங்கவிடாத கேள்வி ஒன்று உண்டு. வேடிக்கை பார்க்க வந்த ஜனத்திரளிடம் காசு வசூலிப்பதும், வசூலை எண்ணிப் பெட்டியில் பூட்டுவதும் மேனேஜருடைய காரியம். மேனேஜரோ கயிற்றின்மேல் இருக்கிறார். அப்படியானால், அந்த நேரத்தில் பெட்டி யார் வசம் இருந்தது? சாவி கோல்கார்டின் சட்டைப்பையிலேயே இருந்திருந்தால், அவர் விழுந்தால் சாவியும் ஆற்றோடு போகும். கரையில் யாரிடமாவது கொடுத்துவிட்டு வந்திருந்தால், கரை சேர்கிறபோது பெட்டி இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் என்ன? தண்ணீரைப் பார்த்து அவருக்குப் பயமே எழவில்லை என்றால், அதற்குக் காரணம் தைரியமாக இராது, கரையில் இருக்கிற பெட்டியைப் பற்றிய விசாரமாகத்தான் இருந்திருக்கும் என்று நான் ஊகிக்கிறேன். இந்த ஊகத்தை என் சகதர்மிணியிடம் சொன்னபோது, "இதைத்தான் ராத்திரி பதினொரு மணிக்கு யோசிக்கிறீர்களா?" என்றாள். மகா புருஷர்களைப் பற்றி யோசிக்க வேறு எந்த நேரம் இருக்கிறது?

பெட்டியைப் பற்றிய என் சந்தேகம் வீண் சந்தேகமும் அல்ல. ஆனி எட்சன் டெய்லர் என்ற அம்மாளின் கதையைக் கேளுங்கள். பள்ளிக்கூட உபாத்தியாயினியாக இருந்து, முதுமையில் ஏழைகள் விடுதியில் போய் விழாமலிருக்க வழி தேடிய அந்த அம்மாள், ஓக் மரப் பீப்பாய் ஒன்றுக்குள் மெத்தையை வைத்து, அது நேராக மிதப்பதற்காக அடியில் ஒரு பட்டறைக்கல்லையும் போட்டுக்கொண்டு, 1901-ஆம் வருஷம் அக்டோபர் 24-ஆம் தேதி, தம்முடைய 63-வது பிறந்தநாளன்று, நயாகராவில் விழுந்தார். பீப்பாய்க்குள் காற்றை சைக்கிள் பம்பினால் அடித்துக் கொடுத்தார்கள். தலையில் ஒரு காயத்தோடு பிழைத்து வந்து, இனி பீரங்கி வாயில் வேண்டுமானாலும் போய் நிற்பேன், இந்தக் காரியம் மட்டும் மறுபடி செய்யமாட்டேன் என்றார். உலகத்தில் பீப்பாயில் ஏறி அந்த அருவியில் விழுந்து பிழைத்த முதல் மனிதப் பிறவி. அவருக்கும் ஒரு மேனேஜர் இருந்தான். அவன் முதுகில் ஏறவில்லை. பீப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். அதைத் தேடித் துப்பறிகிறவர்களை அமர்த்தியதிலேயே அம்மாளின் பணத்தில் பெரும்பகுதி போயிற்று. பிற்காலத்தில் வழிப்போக்கர்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டு சில்லறை சம்பாதித்து, 1921-இல் ஏழையாகவே காலமானார். அருவி விட்டுவைத்ததை மேனேஜர் விட்டுவைக்கவில்லை. இப்போது சொல்லுங்கள், கோல்கார்டுக்கு ஒரு சிலை வைத்தால் தகாதா?

மற்றவர்களை விரைவில் கடந்துவிடுவோம். பாபி லீச் என்பவர் 1911-இல் எஃகுப் பீப்பாயில் விழுந்து, இரண்டு முழங்கால் சில்லுகளையும் தாடையையும் உடைத்துக்கொண்டு பிழைத்து, பதினைந்து வருஷங்களுக்குப் பின் நியூஸிலாந்தில் ஆரஞ்சுப் பழத்தோலில் வழுக்கி விழுந்த காயத்தினால் மாண்டார். மாத்யூ வெப் 1875-இல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதல் நீந்திக் கடந்தவர். அதோடு வீட்டில் இருந்திருக்கலாம். 1883-இல் நயாகராவின் சுழலில் இறங்கி மூழ்கிப்போனார்.

நம்மவர்களிலும் இந்த ஜாதி உண்டு. வல்வெட்டித்துறையில் பிறந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-இல் பாக் நீரிணையைப் போகவும் வரவும் 51 மணி நேரத்தில் நீந்தியவர். ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றவர். புராண காலத்தில் ஒற்றைக் காலில் நின்றவர்களுக்குக் கங்கையோ பாசுபதமோ கிடைத்தது. அவருக்கு ஒரு புத்தகத்தில் ஒரு வரி கிடைத்தது. 1984-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போய் அங்கேயே உயிர் துறந்தார். அவரைப் பரிகசிக்க எனக்கு வாய் வரவில்லை. எனக்குக் கோபமெல்லாம், அப்பேர்ப்பட்டவர் பேரைச் சொன்னால் விழிக்கிறவர்கள், கிரேனில் தொங்குகிற வாலிபனை மட்டும் நாலு பேருக்குக் காட்டிக்கொண்டு திரிகிறார்களே என்பதில்தான். அது கிடக்கட்டும், அந்த வாலிபனைப் படம் பிடித்தது யார்? அவனுக்கு எதிரே, அதே உயரத்தில், ஒரு கையில் செல்போனோடு இன்னொரு பிரகிருதி தொற்றிக்கொண்டுதானே இருந்திருக்க வேண்டும்? கோல்கார்டின் வம்சம் அற்றுப்போகவில்லை.

நான் சொல்லுவதாக வாக்களித்த காரணத்தைச் சொல்ல இதுவே தகுந்த இடம். ஆனால் நயாகராவில் பிற்காலத்தில் நடந்த கயிற்று நடையொன்றைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

2012-ஆம் வருஷம் ஜூன் 15-ஆம் தேதி இரவு, நிக் வாலெண்டா என்பவர், பிளான்டினைப் போலத் தள்ளி நிற்காமல், அருவிக்கு நேர் மேலேயே கம்பி கட்டி நடந்தார். அதற்கு அனுமதி கொடுக்க நியூயார்க் மாநிலத்தில் தனியாக ஒரு சட்டமே செய்யவேண்டியிருந்தது. ஒளிபரப்பிய டெலிவிஷன் கம்பெனி, இடுப்பில் பாதுகாப்பு வாரைக் கட்டிக்கொண்டால்தான் ஆயிற்று என்று பிடிவாதம் பிடித்தது. அவரும் விருப்பமில்லாமல் கட்டிக்கொண்டார். முதுகில் மேனேஜர் இல்லை. சாரலில் நனைந்து, காற்றில் தடுமாறி, அரை மணிக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் கனடாக் கரையில் அவர் காலை வைத்ததும், அங்கே தயாராக நின்ற குடியேற்ற அதிகாரிகள் பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள். நனையாத உறையில் போட்டு அதையும் கையோடு கொண்டுவந்திருந்தார். பிரயாணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டதற்கு, உலகத்தாருக்கு ஊக்கமளிப்பது என்று பதில் சொன்னார். அவர்களும் உள்ளே விட்டுவிட்டார்கள்.

என் மகள் வெளிதேசத்தில் இருக்கிறாள். அவளுடைய பிரசவத்துக்கு உதவியாகப் போகவேண்டும் என்று, ஒரு தூதரக வாசலில் விடியற்காலையிலேயே வரிசையில் நின்று, ஜன்னலுக்குப் பின்னாலிருந்தவரிடம் உள்ளதை உள்ளபடி நானும் என் சகதர்மிணியும் சொன்னோம். பாங்குக் கணக்கு, வீட்டுப் பத்திரம், எங்கள் கலியாணப் பத்திரிகை, மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, திரும்பி வருவீர்கள் என்பதற்கு என்ன ருசு என்று கேட்டார். பேரக்குழந்தைக்கு இப்போது பல் முளைத்துவிட்டது. ருசு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.