புதுத் தொட்டியில் பாசி

கேள்வி: பவளம் வளர்க்க உப்புநீர்த் தொட்டி வைத்தேன். சில வாரத்திலேயே மணல், கல், கண்ணாடி எல்லாம் பழுப்புப் படலம். மருந்து ஊற்றட்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம்! புதுமனைக்கு அழைக்காமலே வரும் முதல் விருந்தாளி டயாட்டம் என்னும் நுண்பாசி; அந்தப் பழுப்புப் படலம் அதுதான். தண்ணீரிலுள்ள சிலிக்கேட்தான் அதற்குப் பந்தி. இலை காலியானால் தானே கிளம்பிவிடும். குழாய்த் தண்ணீரில் சிலிக்கேட் இருக்கலாம் என்பதால் அதில் உப்பைக் கரைக்காதீர்கள், ஆர்.ஓ.-டி.ஐ. (எதிர் சவ்வூடுபரவல், அயனிநீக்கம்) முறையில் வடிகட்டிய நீரே நல்லது.

அடுத்து பச்சை முடிப்பாசி வரலாம். மீன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் சேரும் நைட்ரேட், பாஸ்பேட்டில் வளர்வது அது. தீனியைக் குறையுங்கள், பாசியைக் கையால் பிடுங்குங்கள், டர்போ நத்தைகளை விடுங்கள். ஆனால் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூஜ்யமாக்கிவிடாதீர்கள். பவளத்துக்கும் அவை கொஞ்சம் தேவை. தவிர, அந்த வெறுமையில் டைனோஃபிளாஜெல்லேட் என்னும் நச்சு நுண்ணுயிர் பெருகினால் நத்தைகளே செத்துப்போகலாம்.