அண்டாவில் மணி பிளான்ட்

அப்பா காலையில் பேப்பரைப் பிரித்ததும் தலைப்புச் செய்தியைப் பார்க்க மாட்டார். முதலில் ஏரி நிலவரம். பூண்டி எவ்வளவு, சோழவரம் எவ்வளவு, செங்குன்றத்தில் எத்தனை இறங்கியிருக்கிறது என்பதெல்லாம் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி அவருக்கு நாக்கு நுனியில் நிற்கும். செங்குன்றத்தின் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி என்பது எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். இப்போது நான் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடித் தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. போன செவ்வாய்க்கிழமை வரை அது தேவைப்படவும் இல்லை.

எண்பதுகளில் மேற்கு மாம்பலத்தில் ஒரே காம்பவுண்டுக்குள் ஆறு குடித்தனம். கார்ப்பரேஷன் குழாய் தரைக்கு மேல் இருந்தால் தண்ணீர் ஏறாது என்பதால் பள்ளம் தோண்டி அதை உள்ளே இறக்கியிருந்தார்கள். விடியற்காலை மூன்று மணி வாக்கில் உஸ்ஸென்று காற்று வரும். அந்தச் சத்தத்துக்கே காம்பவுண்டு முழுக்க எழுந்துவிடும். ஒருவர் குழிக்குள் இறங்கிக் குடத்தை நிரப்பி மேலே தூக்கிக் கொடுக்க, இன்னொருவர் வாங்கி வைக்க வேண்டும். முதல் நாள் சண்டை போட்டுக்கொண்டவர்கள்கூட அந்த நேரத்துக்கு மட்டும் சமாதானமாகிவிடுவார்கள். ஐந்து மணிக்குத் தண்ணீர் நின்றதும் சண்டை விட்ட இடத்திலிருந்து தொடரும்.

புழக்கத்துக்கு முற்றத்தில் அடி பம்பு. அதன் வாயில் கட்டிய வெள்ளைத் துணி ஒரே வாரத்தில் காவியாகிவிடும். காலையில் அதன் தலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி அடித்தால்தான் அது தண்ணீர் கக்கும். அதற்காகவே ராத்திரி ஒரு சொம்பை எடுத்து வைப்பது என் வேலை. அரசாங்கமும் ஏறக்குறைய இதே முறையில்தான் வேலை செய்தது: முதலில் கொட்டிவிட்டு, தண்ணீருக்குக் காத்திருப்பது. வீராணம் ஏரித் திட்டத்துக்கான ராட்சதக் குழாய்கள் வருஷக்கணக்காகச் சாலையோரம் கிடந்தன, அவற்றுக்குள் குடும்பங்கள் குடித்தனம் நடத்தின. வீராணம் தண்ணீர் சென்னைக்கு வந்து சேர 2004 ஆகிவிட்டது.

ஆனாலும் தண்ணீர் வரவில்லை என்று அப்பா ஒரு நாளும் ஆபீசுக்கு லீவு போட்டதில்லை. போட ஆரம்பித்திருந்தால் வருஷம் பூராவும் வீட்டில்தான் இருந்திருப்பார். அண்டா, தவலை, குடம், சிமெண்டுத் தொட்டி, கடைசியில் காபி டபரா வரைக்கும் அம்மா நிரப்பி வைத்திருப்பாள். ஒரே வாளியில் குளித்து, மிச்சத்தில் வேட்டியையும் அலசிப் போட்டுவிட்டு, மடிப்புக் கலையாத சட்டையோடு மாம்பலம் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவார் அப்பா. தண்ணீர் வராத அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் எப்போதும் தண்ணீர் இருந்தது.

இப்போது மூன்று குளியலறை, இருபத்து நாலு மணி நேரத் தண்ணீர். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு வாட்ஸ்அப் குழுவில் செக்ரெட்டரியின் செய்தி: சம்ப்பிலிருந்து ஏற்றும் மோட்டாரில் காயில் போய்விட்டது, ரீவைண்டிங்குக்குக் கொடுத்திருக்கிறோம், ஒத்துழைக்கவும். அடுத்த நிமிஷமே பி பிளாக்கிலிருந்து ஒருவர், ஷாம்பு போட்ட தலையோடு நிற்பதாகத் தெரிவித்தார். இன்னொருவர் மெயின்டெனன்ஸ் கணக்கு கேட்டார். மூன்றாமவர் வழக்கம்போல் குட் மார்னிங் படம் அனுப்பினார்.

பத்து மணிக்கு எனக்கு ரிவ்யூ மீட்டிங். முகத்தில் பாதி சவரம்.

"வீட்ல எத்தனை குடம்டா இருக்கு?" என்றாள் அம்மா. ஒன்றுகூட இல்லை. வாளி ஒன்று இருந்தது, அதற்குள் மாப். பழைய பித்தளை அண்டா ஹாலில் பளபளவென்று இருக்கிறது, அதில் மணி பிளான்ட் வளர்க்கிறோம். பழகிய கை சும்மா இருக்குமா? அதற்குள் நான் ஃபிளஷை அமுக்கிவிட்டேன். "அரைக் குடம் போச்சு" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. அம்மாவின் கணக்கு எப்போதும் சரியாகவே இருக்கும்.

கேன் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு, கேமராவை அணைத்து உட்கார்ந்தேன். காரணம் கேட்ட பெங்களூர் சகா, 2024 கோடையில் அவர்கள் பட்ட பாட்டை எடுத்துவிட்டார். விடுவேனா? 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் வந்து இறங்கியதைச் சொன்னேன். ரயிலேறி வந்த தண்ணீருக்கு முன்னால் எவரால் நிற்க முடியும்? அவர் மௌனமானார். தண்ணீர்ப் பஞ்சத்தில்கூடச் சென்னையை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

மதியம் மகள் செல்போனில் இரண்டு பிளாஸ்டிக் குடம் ஆர்டர் செய்தாள். பத்து நிமிஷத்தில் வாசலுக்கு வந்துவிட்டன, காலியாக. விலையைக் கேட்ட அம்மா, அந்தக் காசுக்கு அந்தக் காலத்தில் ஒரு லாரித் தண்ணியே வாங்கியிருக்கலாம் என்றாள்.

நாலு மணிக்கு மோட்டார் ஓடியது. மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறிய செய்தி வந்ததுதான் தாமதம், எல்லா வீட்டிலும் எல்லாக் குழாயும் திறந்துகொண்டது. வாளி, குக்கர், கேக் பாத்திரம், குழந்தை குளிக்கும் டப்பு என்று எதுவும் தப்பவில்லை. ஐந்தரை மணிக்குத் தொட்டி மறுபடி காலி. செக்ரெட்டரி மன்றாடினார்: தயவுசெய்து யாரும் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டாம், மோட்டார் தாங்காது.

அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மணி பிளான்டைப் பிடுங்கி பால்கனியில் வைத்துவிட்டு அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"பிடிச்சு வைக்காதீங்கன்னு சொல்றானா? அப்போ நாளைக்கும் வராது. இன்னும் ரெண்டு குடம் வாங்கச் சொல்லு."