வெங்காயம் பொன்னிறமாகும் காலம்: சங்கரன்கோவில் அடுப்படி ஒன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழ்ச் சமையல் குறிப்புகளில் வழிவழியாக வரும் பொய் ஒன்று உண்டு. ‘வெங்காயத்தைச் சேர்த்து, பொன்னிறமாகும் வரை பத்து நிமிடம் வதக்கவும்’ என்பது அது. வார இதழ்களின் இலவச இணைப்பு தொடங்கி மிக்ஸியோடு தரும் கையேடு வரை இந்தப் பாடம் வேறுபாடின்றிக் காணப்படுகிறது. பிரதிகளுக்கிடையே இத்தனை ஒற்றுமை இருந்தால் மூலப்பிரதி ஒன்று இருந்திருக்க வேண்டும். அதை எழுதியவர் வாழ்நாளில் வெங்காயம் வதக்கியதில்லை என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

சோதனைக்கு எடுத்துக்கொண்ட பண்டம், வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்கிப் போட்டு, மேலே சீஸ் உருக்கிச் சுட்டெடுக்கும் பாஸ்தா. நமக்குப் பழகிய சாம்பாரை விட்டது என்னை எனின், சாம்பாரில் வெங்காயம் அரைகுறையாக வதங்கினாலும் புளி காப்பாற்றிவிடும். பாஸ்தாவில் ஒளிந்துகொள்ள இடமில்லை. இன்னொரு காரணமும் உண்டு. ஆடித்தபசுக்கு ஊர் வந்திருந்த மதினி மகன், விடுதிப் பையன்கள் கடையில் தின்கிற இந்தப் பண்டம் வீட்டிலும் வேண்டும் என்றான். அறிவுத் தேடல் பலவும் இவ்வாறே தொடங்கியுள்ளன.

களம் பற்றி ஒரு சொல். சங்கரன்கோவில் 2019 நவம்பர் 22 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அன்று முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. இந்த மாற்றத்தால் வெங்காயம் வதங்கும் நேரம் கூடவோ குறையவோ இல்லை. ஆய்வு எல்லை, வடக்கே கிரைண்டர், தெற்கே ஸின்க், கிழக்கே கேஸ் அடுப்பு, மேற்கே ஆச்சி உட்காரும் பலகை.

பாஸ்தா என்பது யாதோ எனின், டூரம் என்னும் கெட்டிக் கோதுமையின் ரவையைப் பிசைந்து, துளை வழியே பிழிந்து, துண்டாக்கி உலர்த்தி, படம் போட்ட பாக்கெட்டில் அடைத்து விற்பது. சேமியாவும் அஃதன்றோ எனின், பிறப்பால் ஒன்று, வளர்ப்பால் வேறு. சேமியா பாயசம் வரை போய்த் திரும்பிவிட்டது. பாஸ்தா இன்னும் திரும்பவில்லை.

முன்னோர் இத்துறையில் செய்தவற்றைப் புறக்கணித்தல் முறையன்று. 1769இல் எலிசபெத் ராஃபால்ட் என்னும் ஆங்கிலேய அம்மையார் தம் சமையல் நூலில், பாலாடையும் மாவில் புரட்டிய வெண்ணெயும் பார்மசான் சீஸும் சேர்த்து மக்ரோனி சமைக்கும் முறையைப் பதிப்பித்தார். வெங்காயம் இல்லை. சுவிட்சர்லாந்தின் மலைக்காரர்கள்தாம் நம் பண்டத்துக்கு நேர் மூதாதையர். ஆல்ப்லர்மக்ரோனன் என்று அவர்கள் சொல்லும் உணவில் மக்ரோனி, உருளைக்கிழங்கு, சீஸ் எல்லாம் கூடியிருக்க, தலைமேல் சிவக்க வறுத்த வெங்காயம் அமர்ந்திருக்கும். பக்கத்தில் ஆப்பிள் கூழ் வைப்பார்கள். இந்த ஆப்பிள் கூழைப் படிப்பவர் மறக்க வேண்டாம், பின்னால் தேவைப்படும். எகிப்தியர் கோஷரியில் அரிசி, பருப்பு, மக்ரோனி மூன்றையும் ஒரே தட்டில் கொட்டி மேலே வறுத்த வெங்காயம் தூவினர், சீஸை விட்டனர். 1937இல் அமெரிக்காவின் கிராஃப்ட் நிறுவனம் மக்ரோனியையும் சீஸ் தூளையும் அட்டைப்பெட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியது. இதை வீழ்ச்சிக் காலம் எனக் கொள்க.

இனி வெங்காயம். இப்பக்கத்தில் பெரிய வெங்காயம் பல்லாரி எனப்படும். சின்ன வெங்காயத்தை ஆச்சி தலைமுறையினர் உள்ளி என்பர். எது தகுதியுடையது? சின்ன வெங்காயத்தில் நீர் குறைவு, சர்க்கரை கூடுதல். ஆகவே அறிவியல் அதன் பக்கம். ஆனால் ஒரு கிலோ உள்ளியை உரிக்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கும்போது வேறு மனிதராகியிருப்பார். உரிப்பவர் அழுவது ஏன் என்பதை ஜப்பானின் ஹவுஸ் ஃபுட்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் 2002இல் துலக்கினர். வெங்காயத்தை வெட்டும்போது கண்ணீரை வரவழைக்கும் வாயுவை உண்டாக்குவதற்கென்றே அதனுள் தனியாக ஒரு நொதி இருக்கிறது. 2013இல் அவர்களுக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்க வைத்துப் பின் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது. அழவைத்த பொருளுக்குச் சிரிப்புப் பரிசு என்பதில் முரண் ஏதுமில்லை. நாங்கள் பல்லாரியே எடுத்தோம்.

கருதுகோளைச் சோதிக்கும் இடத்துக்கு வந்துவிட்டோம். கணக்கு பிடிக்காதவர்கள் ஒரு பத்தியைத் தாண்டிப் போகலாம். ஆனால் பத்து நிமிடக் கட்சியினருக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஒரு கிலோ பல்லாரியில் ஏறத்தாழ 890 கிராம் தண்ணீர். சர்க்கரை 40 கிராம் சொச்சம். தண்ணீர் தளும்பும் வரை வாணலிக்குள் சூடு 100 பாகையைத் தாண்டாது. நிறம் மாறும் வினை மும்முரமாக நடக்கவோ 140 பாகை அளவு வேண்டும். ஆகவே நீர் போனாலன்றி நிறம் வாராது. 700 கிராம் தண்ணீரையாவது ஆவியாக்கி அனுப்ப வேண்டும். கொதிக்கும் தண்ணீர் ஒரு கிராம் ஆவியாக 2,260 ஜூல் வெப்பம் வேண்டும் என்பது பள்ளிப் பாடம். மொத்தம் சுமார் 1,580 கிலோஜூல். இதைப் பத்து நிமிடத்தில் முடிக்க வேண்டுமானால் 2.6 கிலோவாட் வெப்பம், கொஞ்சமும் சிந்தாமல், வெங்காயத்துக்குள் இறங்கியாக வேண்டும். குளியலறைக் கீசரே பெரும்பாலும் 2 கிலோவாட்தான். அடுப்பை முழுக்கத் திறந்து வைத்து இதைச் சாதிக்கலாமே எனின், அடி கரிந்து மேல் பச்சையாக நிற்கும். அதற்குப் பெயர் பொன்னிறம் அன்று, இருநிறம். இளந்தீயில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் என்பதே முறையான பாடம். ‘பத்து’ என்பதை இடைச்செருகல் எனத் தள்ளுக.

இந்த நேரத்தில் வாணலிக்குள் நடப்பது என்ன? சர்க்கரை மட்டும் காய்ந்து பழுப்பானால் அது கேரமல். சர்க்கரையும் புரதத்தின் அமினோ அமிலங்களும் சூட்டில் கூடிப் பழுப்பானால் அது வேறு வினை. 1912இல் அதை விளக்கி எழுதிய பிரெஞ்சுக்காரர் லூயி கமீல் மையார் பெயரால் இன்றும் அது வழங்குகிறது. வெங்காயத்தில் இரண்டும் நடக்கின்றன. குறுக்கு வழிகளும் உண்டு. ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா போட்டால் காரத்தன்மை கூடி நிறம் விரைந்து வரும். ஆனால் வெங்காயத்தைக் கட்டிவைத்திருக்கும் பெக்டின் குலைந்து, வாணலியில் மிஞ்சுவது துவையல். வெளியிலிருந்து சீனி சேர்ப்பவர்களைப் பற்றி ஒன்றே சொல்லலாம்: ஆய்வுலகில் அதற்குக் கருத்துத் திருட்டு என்று பெயர்.

ராஜபாளையம் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனால் இந்தப் பொறுமை அங்கே தொழிலாகவே நடப்பதைக் காணலாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அவ்வூர்ப் பால்கோவா, பாலைக் கிளறிக் கிளறி நீரை விரட்டிச் செய்வது. பாலிலும் சர்க்கரை உண்டு, புரதம் உண்டு. ஆகவே அந்த இளம்பழுப்பிலும் மையார் இருக்கிறார், பெயர் தெரியாமல். தமிழ்நாட்டுச் சமையல் பாலைச் சுண்டவைத்து ஆண்டது; சீஸ்காரர்கள் பாலைத் திரித்து ஆண்டார்கள். திரித்தல் நம் வீட்டில் அபசகுனம். பால் திரிந்துவிட்டால் ஆச்சி யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்பாள்.

மதினி பனீர் போட்டால் போதாதா என்று கேட்டாள். ‘தம்பி, அதுவும் பால்ல செஞ்சதுதான?’ நியாயமான வினா. போட்டுப் பார்த்தோம். பனீர் சூடேறியது, ஓரம் சிவந்தது, உருகவே இல்லை. சூடான பாலில் புளிப்பு விட்டுத் திரித்ததால் பனீரில் புரதங்கள் இறுகிப் பின்னிக்கொள்கின்றன. பால் புரதமாகிய கேசினை இளக்கமாகப் பிணைத்து வைக்கும் கால்சியமும் பிரிந்துவரும் தண்ணீரோடு போய்விடுகிறது. மொஸரெல்லாவில் கேசினும் கால்சியமும் கூட்டுக் குடும்பமாகவே இருக்கும். புளிப்பு ஓர் அளவுக்கு வந்ததும் சூட்டில் நெகிழ்ந்து நூலாக இழுபடும். விளம்பரத்தில் பிள்ளைகள் இழுத்துக் காட்டும் நூல் அதுவே. நாங்களும் கடைசியில் பாக்கெட் மொஸரெல்லாவுக்கே போனோம்.

வெள்ளைச் சாஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெண்ணெயில் மைதாவை நிறம் மாறாமல் வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிண்டுவது. ஒரு ஸ்பூன் வெண்ணெய், ஒரு ஸ்பூன் மைதா, ஒரு கப் பால். கெட்டியாகி வரும்போது ஆச்சி எட்டிப் பார்த்தாள். ‘என்னல, போஸ்டர் ஒட்டப் போறியா?’ என்றாள். மாவுச்சத்து வெந்து நீரை உறிஞ்சி வீங்குவதே இரண்டுக்கும் அடிப்படை என்பதால் இந்த விமர்சனத்தை மறுக்க ஆதாரம் கிடைக்கவில்லை.

இப்பண்டத்தில் தலைமை யாருக்கு, சீஸுக்கா வெங்காயத்துக்கா? மதினி மகன் சீஸ் கட்சி. நான் வெங்காயக் கட்சி. வேறு ஊராக இருந்தால் இந்தச் சண்டை நீண்டிருக்கும். சிவனா திருமாலா, யார் பெரியவர் என்று சங்கனும் பதுமனும் என்ற நாகர்கள் வாதிட்டதும், கோமதியம்மன் தவமிருக்க இருவரும் ஓருருவாய்ச் சங்கரநாராயணராகக் காட்சி தந்ததும் தலபுராணம். அந்தக் காட்சியைத்தான் ஆடித்தபசாக ஊர் கொண்டாடுகிறது. இந்த வழக்கில் இவ்வளவு பெரிய முன்தீர்ப்பு இருக்கும் ஊரில் பாஸ்தாவுக்காக மறுபடி நீதிமன்றம் கூட்டுவது அழகன்று. பாதிக்குப் பாதி என்று முடித்துக்கொண்டோம். தபசன்றைக்கு வீட்டில் வெங்காயம் கிடையாது என்பதால் சமையல் மறுநாள்தான்.

அடுத்த சிக்கல் ஓவன். எங்கள் வீட்டில் அது இல்லை. கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, குக்கரின் அடியில் உப்பைப் பரப்பிச் சூடேற்றி, உள்ளே பாத்திரத்தை வைக்கும் முறை கேக் செய்யும் வீடுகளில் பல காலமாக இருக்கிறது. தண்ணீர் விட்டு வெயிட் போட்டால் உள்ளே ஏறும் சூடு 120 பாகை அளவோடு நின்றுவிடும். பாஸ்தா வேகும், சிவக்காது. உப்புக் குக்கரில் அந்த வரம்பு இல்லை. ஆனாலும் குறை ஒன்று. சூடு முழுவதும் கீழிருந்தே வருகிறது. சீஸ் உருகிப் படுத்துக்கொண்டது. மேலே புள்ளி புள்ளியாகச் சிவக்க வேண்டிய இடம் வெளிறிக் கிடந்தது.

இதற்கு விடை ஊருக்குள்ளேயே இருந்தது. சங்கரன்கோவில் என்றதும் வெளியூர்க்காரர் பலருக்குக் கோயிலுக்கு அடுத்து நினைவுக்கு வருவது பிரியாணி. கல்யாண வீட்டில் மாஸ்டர் அண்டாவுக்குத் தம் போடும்போது கீழ்த்தீயை அடக்கி, மூடியின் மேல் கங்கை அள்ளிக் கொட்டுவார். மேலிருந்தும் சூடு, கீழிருந்தும் சூடு. ஓவன் செய்வதும் இவ்வளவே. மின்கட்டணம் மட்டும் கூடுதல். ஐரோப்பியர் பழைய காலத்தில் வார்ப்பிரும்புச் சட்டி மூடிமேல் கங்கு வைத்துச் சுட்டதும் இதே அறிவுதான். நாங்கள் பாஸ்தாவைக் கனத்த இரும்புச் சட்டிக்கு மாற்றி, தட்டையான மூடி போட்டு, புறவாசலில் சிரட்டை எரித்துக் கங்காக்கி மேலே வைத்தோம். மூடியைத் திறந்தபோது சீஸ் அங்கங்கே பழுப்பேறிக் கொப்புளித்திருந்தது. பக்கத்து வீட்டார், என்ன விசேஷம் என்று மதில்மேல் கேட்டார்கள். வெங்காய வாசனை தெரு முனை வரை போயிருந்ததற்கு இதைக் களச்சான்றாகக் கொள்க.

எஞ்சியது வாய்மொழித் தேர்வு. பெயருக்கேற்ப அது வாயால் நடந்தது. அகத்தேர்வாளர்களாகிய பிள்ளைகள் வினா எதுவும் எழுப்பாமல் தட்டை நீட்டினர். புறத்தேர்வாளர் ஆச்சி. ஒரு கரண்டி வாங்கி, சீஸ் நூலை விரலால் அறுத்து, நெடுநேரம் மென்றாள்.

‘வெங்காயம் நல்லா இருக்குல. தொட்டுக்க என்ன வச்சிருக்க?’

ஆய்வேடு முழுவதிலும் இதற்கு விடை இல்லை. சுவிட்சர்லாந்துக்காரர்கள் ஏன் ஆப்பிள் கூழ் வைத்தார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. கொழுப்பும் இனிப்பும் கூடிய இடத்தில் புளிப்பு வேண்டும். மதினி எழுந்துபோய் எலுமிச்சை ஊறுகாய் ஜாடியை எடுத்துவந்தாள். எலுமிச்சைக்குப் பெயர்போன புளியங்குடிப் பழம், போன வருஷம் போட்டது. ஆச்சி ஒரு துண்டைப் பாஸ்தாவோடு சேர்த்துப் பிசைந்தாள், பிசைந்து உண்ணக் கூடாத பண்டம் இது என்று யாரும் சொல்வதற்கு முன்பே. ஆய்வேடு திருத்தங்களுடன் ஏற்கப்பட்டது. மறுபடி எப்போது என்று மதினி மகன் கேட்டான். வெங்காயத்தை யார் கிளறுவது என்பதை முடிவுசெய்த பிறகு என்றேன்.