கடைசி இடத்துக்குக் கடும் போட்டி

2013 பிப்ரவரியில் ஆஸ்திரேலியக் கால்பந்து லீக் ஒரு தீர்ப்புச் சொன்னது. 2009ஆம் ஆண்டில் மெல்பர்ன் கிளப் எந்த ஆட்டத்திலும் வேண்டுமென்றே தோற்கவில்லை. பயிற்சியாளர் தோற்க நினைக்கவில்லை. வீரர்களும் நினைக்கவில்லை. ஆகையால் கிளப்புக்கு 5 லட்சம் டாலர் அபராதம். அப்போது பயிற்சியாளராக இருந்த டீன் பெய்லிக்கு 16 சுற்றுத் தடை. கால்பந்துப் பிரிவை நடத்திய கிறிஸ் கானலிக்கு ஓராண்டுத் தடை. போட்டியின் நலனுக்குக் கேடாக நடந்துகொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. என்ன செய்து கேடு விளைவித்தார்கள் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் தீர்ப்பின் முதல் வரி வெட்கப்படும்.

ஒரு கிளப் எதற்காகத் தோற்க ஆசைப்படும்? அங்கே 18 வயதுப் பையன் தன் கிளப்பைத் தானே தேர்ந்தெடுப்பதில்லை. 1986லிருந்து ஆண்டுக்கொரு முறை டிராஃப்ட் நடக்கிறது. பட்டியலில் கடைசியாக நின்ற அணி முதலில் எடுக்கும். கோப்பை வென்ற அணி தன் முறை வரும்வரை காத்திருக்கும். நொடித்த அணி எழுந்து நிற்கட்டும் என்று போட்ட விதி. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நல்லெண்ணம் அதோடு நிற்கவில்லை. முன்னுரிமைத் தேர்வு என்று ஒன்றையும் சேர்த்தார்கள். 2009இல் நடப்பிலிருந்த கணக்குப்படி, தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் நான்கு ஆட்டங்களுக்கு மேல் வெல்லாத கிளப்புக்கு, மற்ற எல்லாருக்கும் முன்னால் கூடுதலாக ஒரு பையன். 22 ஆட்டத்தில் நான்கு வென்றால் நாட்டின் முதல் இரண்டு பையன்களும் உனக்கு. ஐந்து வென்றால் ஒருவன் போச்சு. ஐந்தாவது வெற்றிதான் அந்த ஆண்டில் மிக விலை உயர்ந்த வெற்றி. அதை வாங்க யாருக்கும் மனம் வரவில்லை.

இப்படி ஒரு விதியைத் தன் கையாலேயே எழுதி வைத்துக்கொண்ட லீக், எங்கள் போட்டியில் யாரும் வேண்டுமென்றே தோற்பதில்லை என்று ஆண்டுக்கணக்கில் சாதித்துவந்தது. தலைமை அதிகாரி ஆண்ட்ரூ டெமட்ரியூவுக்கு அந்தக் கேள்வியைக் கேட்டாலே எரிச்சல் வரும். ஊர் நடுவில் சாராயக்கடைக்கு உரிமம் கொடுத்துவிட்டு, இங்கே குடிப்பவர் எவருமில்லை என்று சத்தியம் செய்கிற தாசில்தாருக்கு வரும் எரிச்சல் அது.

2009 ஆகஸ்ட் 2. எம்.சி.ஜி. மைதானத்தில் மெல்பர்னும் ரிச்மண்டும் மோதின. மோதின என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். அன்று மெல்பர்னின் பின்கள வீரர்கள் முன்களத்தில் உலாவினார்கள். வழக்கமில்லாத ஆட்கள் வழக்கமில்லாத இடங்களில் நின்றார்கள். இளைஞர்களைப் பல இடங்களில் ஆடவைத்துப் பார்க்கிறோம் என்று அதற்குப் பெயர். இவ்வளவு பாடுபட்டும் சைரன் ஒலித்தபோது மெல்பர்ன் 2 புள்ளி முன்னிலையில் இருந்தது! பந்து ரிச்மண்டின் ஜோர்டன் மக்மான் கையில். சைரனுக்குப் பிறகும் அவருக்கு ஓர் உதை பாக்கி. கோலுக்கு 6 புள்ளி. உதைத்தார், உள்ளே போயிற்று. ரிச்மண்ட் 4 புள்ளியில் வென்றது. அன்றிரவு எந்த கிளப்பின் அலுவலகத்தில் நிம்மதிப் பெருமூச்சு அதிகம் என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. மெல்பர்ன் அந்த ஆண்டைச் சரியாக நான்கு வெற்றியோடு முடித்தது. இத்தனை துல்லியம் அவர்களுடைய கோல் உதைகளில் இருந்திருந்தால் கோப்பையே வந்திருக்கும்.

பரிசும் வந்தது. 2009 டிராஃப்டில் முதல் தேர்வு டாம் ஸ்கல்லி, இரண்டாவது ஜாக் ட்ரெங்கோவ், இருவரும் மெல்பர்னுக்கு. மூன்றாவது தேர்வு யாருக்கு? அந்த ஆட்டத்தை அசட்டுத்தனமாக வென்றுவிட்ட ரிச்மண்டுக்கு. அவர்கள் எடுத்த பையனின் பெயர் டஸ்டின் மார்ட்டின். 2017, 2019, 2020 என்று மூன்று கோப்பைகள். மூன்று இறுதியாட்டத்திலும் ஆட்டநாயகன் அவரே. தோற்பதில் மெல்பர்னிடம் தோற்றுப்போன ரிச்மண்டுக்குக் கிடைத்த ஆறுதல் பரிசு அது. அதே டிராஃப்டின் 20ஆவது தேர்வு, பின்னாளில் லீக்கின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை இரண்டு முறை வாங்கிய நாட் ஃபைஃப். 34ஆவது தேர்வு, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒரு நெட்டைப் பையன், மாக்ஸ் கான். அவரை எடுத்ததும் மெல்பர்ன்தான். 2021இல் அந்த கிளப்பின் கோப்பையைத் தூக்கிய கேப்டன் அவர். 34ஆவது பையனுக்காக யாரும் ஆட்டத்தைத் தோற்க வேண்டியதில்லை. உட்கார்ந்து பார்க்கத் தெரிந்த ஒரு ஆள் போதும்.

அந்தப் பையன்களைப் பற்றி நிர்வாகிகள் பேசும்போது கேட்க வேண்டும். பையன்கள் மனிதர்கள் அல்ல. ‘சொத்து’, ‘மூலதனம்’, ‘கையிருப்பு’. அக்டோபர் வந்தால் வீரர்களையும் தேர்வுகளையும் கிளப்புகள் கைமாற்றும் டிரேட் மேசை விரிகிறது. முதல் தேர்வு 3000 புள்ளி பெறும் என்று 2015இல் லீக்கே ஒரு விலைப்பட்டியல் போட்டது. அதே ஆண்டிலிருந்து அடுத்த ஆண்டின் தேர்வையும் இந்த ஆண்டே விற்கலாம் என்று அனுமதி. அதாவது இன்னும் பள்ளி விடுதியில் இருக்கிற பையனை, அவன் எந்தப் பள்ளி என்றே தெரியாத கிளப், அவன் பெயர்கூடத் தெரியாத இன்னொரு கிளப்புக்குக் கைமாற்றலாம். டிராஃப்ட் முகாமில் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள், குதிக்கவிட்டுப் பார்க்கிறார்கள், உயரம் அளக்கிறார்கள். பல்லைப் பிடித்துப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி.

மெல்பர்ன் 2008இல் முதல் தேர்வாக எடுத்த ஜாக் வாட்ஸ் பள்ளி இறுதியாண்டு மாணவர். 2009 ஜூனில், ராணி பிறந்தநாள் ஆட்டத்தில், எம்.சி.ஜி.யில், காலிங்வுட்டுக்கு எதிராக அவரை முதன்முதலாக இறக்கினார்கள். கூட்டத்துக்குக் காட்ட ஒரு நாள் வேண்டுமல்லவா? பந்தைத் தொட்ட மாத்திரத்தில் காலிங்வுட் வீரர்கள் மேலே விழுந்தார்கள். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பையன். அன்று தொடங்கி அவர் கிளப்பை விட்டுப் போகும்வரை, ‘முதல் தேர்வுக்கு இதுதானா’ என்ற கேள்வி ஒவ்வொரு வாரமும் அவர் மேல் விழுந்தது. இவனைக் காட்டித்தான் உறுப்பினர் சந்தா விற்றோம் என்பதை விற்றவர் ஒருவரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை.

ட்ரெங்கோவை 20 வயதில் இணைக் கேப்டன் ஆக்கினார்கள்; லீக் வரலாற்றிலேயே அவ்வளவு இளைய கேப்டன் அதுவரை இருந்ததில்லை. பெருமையாகச் சொன்னார்கள். அணியில் அந்தப் பொறுப்பைச் சுமக்க வளர்ந்த ஆள் ஒருவரும் இல்லை என்பதுதான் அந்தப் பெருமையின் பொருள். மூத்தவர்களைத்தான் ‘மறுகட்டமைப்பு’ என்று ஒருவர் பின் ஒருவராக அனுப்பியாயிற்றே. பிறகு ட்ரெங்கோவின் பாத எலும்பு முறிந்தது. ஸ்கல்லியோ இரண்டே ஆண்டில், புதிதாய்ப் பிறந்த கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி கிளப்புக்குப் பெரும்பணத்துக்குப் போய்விட்டார். துரோகி என்று மைதானம் கத்தியது. கத்தியது சரியா? விசுவாசம் என்றால் என்னவென்று அந்த கிளப் அவருக்குக் கற்பித்தது எப்போது? உன்னைப் பெறுவதற்காக எங்கள் ஆதரவாளர்களையே ஏமாற்றினோம் என்பதுதானே அவர் உள்ளே வந்ததும் படித்த முதல் பாடம்.

2011 ஜூலை 30. ஜீலாங்கில் மெல்பர்ன் 186 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. 233க்கு 47. லீக் வரலாற்றில் இரண்டாவது பெரிய தோல்வி. முதல் பெரிய தோல்வி 1979இல், 190 புள்ளி; அதையும் வாங்கிக்கொண்டது மெல்பர்ன்தான் என்பதால் சாதனை வீட்டை விட்டுப் போகவில்லை. இந்த முறை யாரும் திட்டம் போடவில்லை. தோற்கப் பழக்கிய அணி தானாகவே தோற்றது, அவ்வளவுதான். அடுத்த இரண்டு நாளில் பெய்லியை நீக்கினார்கள். போகும்போது அவர் பத்திரிகையாளர்களிடம், முதல் இரண்டு ஆண்டும் கிளப் நல்ல டிராஃப்ட் தேர்வுகளைப் பெறும் நிலையில் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன் என்றார். ஊருக்கே தெரிந்ததை ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அப்போதும் லீக்குக்குக் காது கேட்கவில்லை. 2012இல் முன்னாள் வீரர் பிராக் மக்லீன் தொலைக்காட்சியில் பேசிய பிறகுதான் விசாரணை.

அந்த விசாரணையின் முடிவில் யார் மாட்டினார்கள் என்பதைத்தான் முதல் பத்தியில் பார்த்தோம். அழுத்தத்துக்கு ஆளான பயிற்சியாளர். அழுத்தம் கொடுத்த ஓர் அதிகாரி. இயக்குநர் குழுவோ? அவர்கள் சுத்தம். விதியை எழுதிய லீக்கோ? அவர்கள் நீதிபதி. டீன் பெய்லி தடைக்காலம் முடிந்து அடிலெய்டில் வேலைக்குத் திரும்பி, 2014 மார்ச்சில் புற்றுநோயால் 47 வயதில் இறந்தார். இரங்கல் செய்திகள் மிக உருக்கமாக இருந்தன. உருக்கத்துக்குக் குறைவே வைக்க மாட்டார்கள்.

வெட்கம் என்று ஒன்று இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். முன்னுரிமைத் தேர்வுக்கு ஆசைப்பட்ட விவகாரத்தில் 2013 பிப்ரவரியில் அபராதம் கட்டிய மெல்பர்ன், அதே 2013இல், அந்த ஆண்டும் படுமோசமாக ஆடிவிட்டு, லீக்கிடம் என்ன விண்ணப்பம் போட்டது தெரியுமா? முன்னுரிமைத் தேர்வு வேண்டும் என்று. லீக் மறுத்துவிட்டது, ஆனால் கிளப் மூழ்காமல் இருக்க நிதியுதவி செய்தது. ஒரு கையால் அபராதம், மறு கையால் உபகாரம். வரவும் செலவும் ஒரே கல்லாவில்.

இந்தக் கலையில் மெல்பர்ன் தனித்து நிற்கிறது என்று நினைத்தால் கார்ல்டனை அவமதிப்பதாகும். 16 கோப்பை வென்ற சீமான் வீடு. சம்பள வரம்பை மீறிக் கள்ளக்கணக்கு வைத்ததற்காகப் பிடிபட்டு, டிராஃப்ட் தேர்வுகளை இழந்த அதே 2002இல், முதன்முறையாகக் கடைசி இடத்துக்கும் வந்தது. வந்த பிறகு அந்த இடம் பிடித்துப்போயிற்று. 2005, 2006, 2007 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு நாட்டின் முதல் தேர்வு அவர்களுக்கே: மார்க் மர்ஃபி, பிரைஸ் கிப்ஸ், மாத்யூ க்ரூசர். 2007 கடைசிச் சுற்றில் கார்ல்டன் மோதியது யாரோடு? மெல்பர்னோடு! ‘க்ரூசர் கோப்பை’ என்று ரசிகர்களே பெயர் வைத்தார்கள், தோற்றவருக்குத்தான் கோப்பை. கார்ல்டன் தோற்று வென்றது. கூடவே கிறிஸ் ஜட்டை வாங்குவதற்காக ஜாஷ் கென்னடி என்ற இளைஞனை வெஸ்ட் கோஸ்டுக்குத் தள்ளிவிட்டார்கள். ஜட் மகத்தான ஆட்டக்காரர், 2010இல் பிரவுன்லோ வாங்கினார். கென்னடி 700க்கு மேல் கோல் போட்டு 2018இல் கோப்பையும் வாங்கினார். கார்ல்டன் கடைசியாக இறுதியாட்டத்தில் கால் வைத்தது 1999இல். மூன்று முதல் தேர்வுகளில் ஒருவருக்கும் அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

நார்த் மெல்பர்னைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அடிபட்டுக் கிடப்பவரை அடிப்பது பாவம். 2020 முதல் 2025 வரை ஆறு ஆண்டும் கடைசி மூன்று இடங்களுக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். 2021இன் முதல் தேர்வு ஜேசன் ஹார்ன்-ஃபிரான்சிஸ் ஒரே ஆண்டில் போர்ட் அடிலெய்டுக்குப் போய்விட்டார். லீக் தனியாக உதவித் தேர்வுகளும் கொடுத்துப் பார்த்தது. ‘இளைஞர்கள், பொறுமை வேண்டும்’ என்று ஒவ்வொரு மார்ச்சிலும் சொல்கிறார்கள். அந்த இளைஞர்களுக்கு முடி நரைக்கும்வரை இதைச் சொல்லலாம்.

மெல்பர்ன் கடைசியில் வென்றதே என்பார்கள். வென்றது. 57 ஆண்டுக்குப் பிறகு, 2021இல், பெருந்தொற்றினால் பெர்த்துக்கு மாற்றப்பட்ட இறுதியாட்டத்தில். உள்ளூர் உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஊரடங்கில் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அந்தக் கோப்பையின் தூண்களான பெட்ராக்கா 2014இன் இரண்டாவது தேர்வு, ஆலிவர் 2015இன் நான்காவது தேர்வு. அந்த ஆண்டுகளில் மெல்பர்ன் யாரையும் ஏமாற்றவில்லை. மனப்பூர்வமாகவே மோசமாக ஆடியது. அதற்குள் பயிற்சியாளராகப் பால் ரூஸ் வந்து பையன்களுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்திருந்தார். 2009இல் யாருக்கும் தோன்றாத யோசனை அது.

நான்கே ஆண்டு. 2025 ஆகஸ்டில் கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர் சைமன் குட்வினை அனுப்பினார்கள். அக்டோபரில் மேசை விரிந்தது. பெட்ராக்கா கோல்ட் கோஸ்டுக்கு, ஆலிவர் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னிக்கு. ஆலிவரின் சம்பளத்தில் ஒரு பங்கை மெல்பர்னே கட்டுவதாக ஏற்பாடு. இனி அவர் எதிரணிச் சட்டையில் வந்து மெல்பர்னுக்கு எதிராக ஆடுகிற நாளிலும் அவருக்குக் கூலி இங்கிருந்து போகும். உறுப்பினர் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லும் கடிதமும் வழக்கம்போல வரும். அடுத்த கட்டுமானம் தொடங்கிவிட்டதாம்.