ஆம்னி எஞ்சினும் முடிச்சூர் கமிட்டியும்

இங்கிலாந்தில் 1957-ல் காலின் சாப்மன் லோட்டஸ் செவன் என்றொரு குட்டி ஸ்போர்ட்ஸ் காரை விற்க ஆரம்பித்தார். முழுக் காராக வாங்கினால் அப்போது வரி உண்டு. உதிரிகளாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. அந்தக் காரைப் பார்த்து, பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றைப் பிரித்து 250 பவுண்டில் நீங்களே கட்டிக்கொள்ளலாம் என்று 1996-ல் ரான் சாம்பியன் என்பவர் ஒரு புத்தகமே எழுதிவிட்டார். அது எப்படியோ கடல் கடந்து முடிச்சூருக்கு வந்து, என் மைத்துனன் கையில் சிக்கியது.

எஸ்கார்ட்டுக்குப் பதில் மாருதி ஆம்னி என்று அவன் முடிவு செய்ததில் குறை சொல்ல முடியாது. 796 சிசி, மூன்று சிலிண்டர். மாருதி 800-ல் குறுக்கே கிடக்கும் அதே எஞ்சின் ஆம்னியில் நெடுக்காக நிற்கும், பின்சக்கரத்தைச் சுழற்றும். செவனுக்கு வேண்டியதும் அதுதான். தமிழ் சினிமாவில் எத்தனையோ கதாநாயகிகளைக் கடத்திய வண்டி. துரத்தலில் ஒரு முறையாவது எஞ்சின் மக்கர் பண்ணி வில்லன் மாட்டியதுண்டா?

“கரிவரதன் பண்ணலையா மாமா?” என்பான். பண்ணினார்தான். கோயம்புத்தூரில் 1988-ல் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களைக் கட்டினார். நாராயண் கார்த்திகேயனே அதில்தான் ரேஸ் ஓட்ட ஆரம்பித்தார். ஆனால் கரிவரதனைச் சுற்றி இருந்தது கோயம்புத்தூர். பட்டறை, லேத், வார்ப்படம் எல்லாம் கூப்பிடு தூரத்தில் கிடைக்கிற ஊர். என் மைத்துனனைச் சுற்றி இருந்தது கமிட்டி.

எங்கள் பக்கத்தில் பானெட்டைத் திறந்தால் போதும், கமிட்டி கூடிவிடும். அழைப்பு வேண்டாம், டீ மட்டும் நாம் சொல்ல வேண்டும்.

காருக்கு வந்த முதல் நோய் இது. சாவியைத் திருப்பினால் ‘டிக்’. மறுபடி திருப்பினால் மறுபடி ‘டிக்’. மூன்றாவது தடவை சோக் கேபிளிலிருந்து புகை. பெட்ரோலும் இல்லாத, கரண்டும் இல்லாத வெறும் கம்பி எதற்குப் புகைகிறது? டூவீலர் மெக்கானிக் தம்பி தயங்காமல், “கார்புரேட்டரைக் கழட்டிக் கிளீன் பண்ணணும்ணா” என்றார். எந்த வண்டிக்கும் அவர் வைத்தியம் அதுதான். மாவு மில்காரர் எத்தனால் மேல் பழியைப் போட்டார். பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலக்க ஆரம்பித்த பிறகு தாம்பரத்தில் எந்த வண்டி நின்றாலும் குற்றவாளி அதுதான். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயைத் தின்னும், உண்மை. ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ளும் என்பது எனக்குப் புதிது.

எதிர் வீட்டுக்காரர் தாம்பரம் மின்சார ரயில் ஷெட்டில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். டீயைக் கீழே வைத்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “எர்த் எங்கப்பா?”

“பேட்டரி நெகட்டிவை சேசிஸ்ல குடுத்திருக்கேன் சார்.”

“மேல இருபத்தஞ்சாயிரம் வோல்ட் வந்துட்டாப் போதுமா? திரும்பிப் போக தண்டவாளம் வேணாம்?”

எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டின் மேல். சேசிஸுக்குப் பளபளவென்று பவுடர் கோட்டிங். எஞ்சினின் எர்த் போல்ட்டை அதன் மேலேயே முறுக்கியிருந்தான். பெயின்ட்டில் கரண்ட் போகுமா? ஸ்டார்ட்டர் குடித்த கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப வழி தேடி, எஞ்சினைத் தொட்டுக்கொண்டிருந்த சோக் கேபிளில் புகுந்திருக்கிறது. நெகட்டிவிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு ஒரு ஜம்பர் கேபிளைப் பிடித்தார்கள். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. கார்புரேட்டரை அதற்குள் பாதி கழற்றியிருந்த மெக்கானிக் தம்பி மட்டும் பெட்ரோலில் குளித்தார்.

எனக்கு ஒன்று புரிந்தது. சுசூகி செய்த எஞ்சினில் கோளாறே இல்லை. கோளாறெல்லாம் எஞ்சினுக்கும் மற்றதற்கும் நடுவே, இவன் கைபட்ட அரை அடி இடத்தில். ஆனால் கமிட்டி எப்போதும் எஞ்சினைத்தான் பிரிக்கச் சொல்லும்.

இரண்டாவது நோயிலும் அதே கதை. ஐந்து நிமிடம் ஓடினால் சூட்டு முள் சிவப்பைத் தொடும்; ரேடியேட்டரின் அடிக்குழாயோ தொட்டால் ஜில். ஃபேனும் சுற்றவில்லை. அதன் ஸ்விட்ச் ரேடியேட்டர் அடியில், குளிர்ந்த தண்ணீரில் நிம்மதியாக இருந்தது. “ஹெட் கேஸ்கட் போச்சு, எஞ்சினை இறக்கு” என்று தீர்மானம் நிறைவேறும் நேரத்தில், பக்கத்து வீட்டு போர் மோட்டாரைப் பார்க்க வந்த பிளம்பர் எட்டிப் பார்த்தார். “ஏர் லாக் சார். உங்க மூக்கு கீழ இருக்கு.”

என்னைச் சொல்கிறாரோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். காரின் மூக்கைச் சொன்னார். அழகுக்காகத் தாழ்த்திய மூக்கில் ரேடியேட்டர், அதைவிட உயரத்தில் எஞ்சின். ஊற்றிய தண்ணீர் கீழே தங்கிவிட, காற்று எஞ்சின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. ஜாக்கி வைத்து மூக்கை உயர்த்தி, மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டார்கள். குபுக் குபுக்கென்று காற்று வெளியேறி, முள் நடுவில் நின்றது.

இப்போது கார் ஓடுகிறது, கொட்டகைக்குள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி பதிவு இல்லாமல் ரோட்டில் இறக்கக் கூடாது. பதிவு வேண்டுமென்றால் கம்பெனிக்காரர்களைப் போல மாதிரி வண்டியைச் சோதனைக்கு அனுப்பித் தேற வேண்டும். அந்தச் சோதனை மையம் ஒன்று ஒரகடத்தில், பக்கத்திலேயேதான் இருக்கிறது. செலவு அவ்வளவு பக்கத்தில் இல்லை. ஆகவே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பதென்று முடிவாகி, ஏற்றிப்போக ஒரு குட்டியானை வந்தது.

டிரைவர் காரைச் சுற்றி வந்தார். “ரிப்பேர் வண்டியா சார்?”

“இல்லண்ணா, ஜம்முனு ஓடும்.”

“அப்ப ஓட்டிக்கினே போவ வேண்டியதுதானே?”

மைத்துனன் 39-ஆம் பிரிவிலிருந்து ஆரம்பித்தான். பாதி கேட்டதுமே டிரைவர் வாடகையில் இருநூறு ரூபாய் ஏற்றிவிட்டார்.